லென்ஸில் இல்லாத ஈரம்

எங்கள் பகுதிப் புகைப்படக்காரர் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. மழையில் நனைந்து லென்ஸுக்குள் ஈரம் இறங்கினால் என்ன செய்வது என்று ஒரு பக்கம் எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். ஓய்வுபெற்றவனுக்கு வேறு என்ன வேலை இருக்கப்போகிறது என்ற நினைப்பு அவருக்கு. நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் நனைந்த கேமராவை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்துப் படம் போட்டார். பத்துப் பேர் அதற்குக் கைதட்டியிருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அரிசி சோறாக்குவதற்கு, லென்ஸ் காயவைப்பதற்கு இல்லை என்று பதில் எழுதினேன். அப்படியானால் சரியான முறையை நீங்களே எழுதுங்கள் என்று எல்லோருமாகச் சேர்ந்து என்னை மாட்டிவிட்டார்கள்.

எழுதுகிறேன். ஆனால் அவர்கள் கேட்ட ஒரு பக்கத்துக்குள் இது அடங்காது. முறையை மட்டும் எழுதிவிட்டு, அதை நன்றாகத் தெரிந்த நானே ஒருமுறை அதைச் செய்யாமல் விட்டதை மறைத்தால், படிக்கிறவர்களை ஏமாற்றியதாகிவிடும்.

யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவன் நான். எங்கள் பக்கம் லயத்து வீட்டைக் காம்பரா என்போம். நான் ஸ்டூடியோவில் சேர்ந்த புதிதில் என் அம்மா அக்கம்பக்கத்தில், "மகன் டவுன்ல கேமரா வேலை பழகுறான்" என்று சொல்ல, காம்பரா கட்டுகிற மேசன் வேலை என்று நினைத்து, ஒழுகுகிற கூரையைப் பார்க்க வரச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்களாம். பிறகு யோசித்தபோது அதிலும் ஒரு நியாயம் இருப்பதாகப் பட்டது. எங்கள் மழைக்குக் காம்பராவும் தாங்காது, கேமராவும் தாங்காது.

பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அப்பா றப்பர்ப் பால் வெட்டக் கூப்பிட்டார். எனக்கு அட்டைக்கடி ஆகாது என்று சாக்குச் சொல்லி, டவுனில் ஸ்டூடியோ வைத்திருந்த குணதாச மாத்தயாவிடம் சேர்ந்தேன். முதல் மூன்று வருஷம் கூட்டினேன், துடைத்தேன், இருட்டறையில் தட்டுக் கழுவினேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது.

மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. அவரைப் பற்றி நிறையச் சொல்லலாம். ஒல்லியான மனுஷன். வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாரம். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். அவருடைய தமிழில் வினைச்சொல் எல்லாம் "வந்தது, போனது" என்றுதான் முடியும். நான் வந்தது, நீ வந்தது, கடவுள் வந்தாலும் வந்தது. யாரையும் அதட்டமாட்டார். கோபம் வந்தால் கையில் இருக்கிற துணியை நாலாக மடிப்பார். துணி எட்டாக மடிந்தால் நாங்கள் வெளியே போய்விடுவோம்.

நனைந்த கேமரா ஒன்று வந்தால் அவர் முதலில் செய்வது கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசை லாச்சிக்குள் போடுவது. "இதுக்கு மணி பாக்கிறது இல்லே, மல்லி" என்பார். சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. அவர் ஆயுள் முழுக்க என்னை அப்படித்தான் கூப்பிட்டார். அடுத்து, கொண்டுவந்தவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். எப்படி நனைந்தது என்று கேட்கமாட்டார். நனைந்த பிறகு எதையாவது திருகினீர்களா என்றுதான் கேட்பார். ஃபிலிம் காலத்தில் அது சுற்றுகிற பிடி. பிறகு டிஜிட்டல் வந்தபோது சுவிட்ச். மின்சாரம் ஓடிவிட்டால் தண்ணீர் செய்யாத நாசத்தை அது செய்துவிடும். ஆகவே பேட்டரியைக் கழற்று, கார்டைக் கழற்று, லென்ஸைப் பிரித்தெடு. தூரத்தைக் கிட்டே இழுக்கிற வளையத்தைத் தொடாதே. அதை ஒரு தரம் உள்ளே வெளியே ஆட்டினால் லென்ஸ் மூச்சு விடுகிறது. மூச்சோடு சேர்த்து ஓரத்தில் நிற்கிற தண்ணீரையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது.

பிறகு பின்பக்கமாக டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே தெரிவதற்கு நாங்கள் மூன்று பெயர் வைத்திருந்தோம். ஆவி பிடித்த மாதிரி மெல்லிசாகப் படர்ந்திருந்தால் வேர்வை. மணிமணியாகத் தெரிந்தால் துளி. நூல் நூலாகக் கிளைவிட்டிருந்தால் பூத்திருக்கிறது, அதாவது பூஞ்சணம். வேர்வை பொறுத்திருந்தால் தானாகப் போகும். துளி இருந்தால் முன் வளையத்தைக் கழற்ற வேண்டும். அதற்குக் கடையில் விற்கிற கருவி எதுவும் மாத்தயாவிடம் இல்லை. தோட்டத்து ஃபாக்டரியில் கிடைக்கிற கிரேப் றப்பர் துண்டொன்றை வட்டமாக வெட்டி வைத்திருந்தார். அதை வளையத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி, "ஹெமின், ஹெமின்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திருப்புவார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம். அந்த நேரத்தில் நாங்கள் தும்மக்கூடாது. பூத்துவிட்டால் அநேகமாக ஆட்டம் முடிந்தது.

காயவைக்க ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அடியில், பக்கத்துத் தேயிலை ஃபாக்டரியில் அப்போதுதான் சூட்டில் காய்ந்து இறங்கிய தேயிலை, இறுக்கித் தைத்த துணிப்பையில். அதன் மேல் ஒரு தட்டு. தட்டின் மேல் லென்ஸ், முன்மூடி பின்மூடி இரண்டும் இல்லாமல். டின்னை மூடி விளிம்பில் மெழுகு தடவுவார். காய்ந்த தேயிலை காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை லென்ஸுக்குப் பிரயோகிக்கத் தோன்றியது அவருக்குத்தான். தினமும் தேயிலையை மாற்றுவோம். மாற்றிய தேயிலையை அவர் வீணாக்கியதே இல்லை. ஊரார் லென்ஸின் ஈரத்தைக் குடித்த தேயிலையில்தான் எங்களுக்கு நாலு மணித் தேத்தண்ணீர். பிற்காலத்தில் நீலக் கற்கள் போட்ட சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் கடைக்கு வந்தன. ஈரம் ஏறினால் அவை இளஞ்சிவப்பாகும், தாச்சியில் வறுத்தால் மறுபடி நீலமாகும். இன்றைக்கு எழுதுவதென்றால் அதைத்தான் சொல்வேன். தேயிலையில் தூசு உண்டு. அரிசியில் அதைவிட உண்டு.

வெயிலில் வைக்காதீர்கள். முடி காயவைக்கிற மெஷினைக் காட்டாதீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டும்தான் செய்வார்கள். ஒரு தோட்டத்துக் கிளாக்கர் ஐயா நனைந்த கேமராவைக் கொண்டுபோய், றப்பர் ஷீட்டுகளைப் புகை போட்டுக் காயவைக்கிற அறையில், ஷீட்டுகளுக்கு நடுவே கம்பியில் தொங்கவிட்டுவிட்டார். மூன்று நாள். ஈரம் போய்விட்டது, மறுக்கவில்லை. லென்ஸ் தேன் நிறமாகியிருந்தது. மாத்தயா அதை மோந்து பார்த்தார். துணியை நாலாக மடித்தார். "ஐயா, இது இப்ப நல்ல ஷீட் ஆனது. கிரேட் போட்டு ஏலத்துக்கு அனுப்பலாம்" என்றார். கிளாக்கர் ஐயா உட்பட எல்லோரும் சிரித்தோம்.

லென்ஸ் காய்ந்த பிறகு கடைசியாக ஒரு வேலை உண்டு. அதை முடிக்காமல் கேமராவை யாரிடமும் கொடுக்க மாத்தயா விடமாட்டார். மூன்று படம் எடுக்க வேண்டும். வெள்ளைச் சுவரை ஒன்று, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராக ஒன்று, ஆளை உட்காரவைத்து ஃப்ளாஷ் போட்டு ஒன்று. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குற்றம் லென்ஸில் இருந்தால், முன்னால் இருப்பது எதுவானாலும் மூன்று படத்திலும் அது தன் குணத்தைக் காட்டும். ஆளில் இருந்தால், ஆள் போகிற இடமெல்லாம் கூடப் போகும். இதைத் தெரிந்துகொள்ளாமல் படத்தில் கைவைக்காதே என்பது அவருடைய சட்டம்.

காலம் மாறியது. மாத்தயாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியபோது ஸ்டூடியோவை என்னிடம் விட்டுவிட்டு ருவான்வெல்லைப் பக்கம் மகள் வீட்டுக்குப் போனார். ஃபிலிம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. படத்தைத் திருத்துவது முன்பு பென்சிலும் பிரஷும் வைத்துச் செய்த வேலை. இப்போது விரல் நுனியில். பருவை எடுத்தேன், தழும்பை எடுத்தேன், மழையில் எடுத்த கல்யாணப் படத்தில் வானத்தை நீலமாக்கினேன். சனங்களுக்குச் சந்தோஷம். ஃப்ளாஷ் போட்டு எடுத்தால் கண்மணி சிவப்பாக விழும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைக் கறுப்பாக்குவது எங்களுக்குக் கைப்பழக்கம். யோசித்துச் செய்கிற வேலை இல்லை.

நான் முறை தவறியது ஒரு பிறந்தநாள் வேலையில், புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். புஷ்பராணி என்ற பெண் அங்கே பால் வெட்டுகிறவள். புருஷன் சிவகுமார் கொழும்பில் ஹோட்டல் வேலை. மகள் தர்ஷினிக்கு முதல் பிறந்தநாளைக் கொண்டாட அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் இரண்டாவதைப் பெரிதாகச் செய்தார்கள். காலையிலிருந்து மழை. பால்வெட்டு இல்லாததால் லயமே அந்தக் காம்பராவுக்குள் இருந்தது. நான் த்ரீவீலில் போய் இறங்கி இஸ்தோப்புத் திண்ணையில் ஏறுவதற்குள் பை முழுக்க நனைந்துவிட்டது. குளிர்ந்துபோன கேமராவை, குசினியில் சோறு வெந்துகொண்டிருந்த அந்த நெரிசலுக்குள் எடுத்ததும் லென்ஸ் வெள்ளை பிடித்துக்கொண்டது.

"என்ன ஸ்டூடியோ அண்ணே, மழையில நனஞ்சு கேமராவுக்கும் தடிமன் புடிச்சிருச்சா?" என்று யாரோ கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெளியே துடைத்தால் உள்ளேயும் வேர்வை தெரிந்தது. அரை மணித்தியாலம் பொறுங்கள் என்றேன். சிவகுமார் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தான். அவன் அன்றைக்கே கடைசி பஸ்ஸில் கொழும்புக்குத் திரும்ப வேண்டும். அரை மணித்தியாலம் கழித்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். நடுவில் தெளிந்துவிட்டது, ஓரத்தில் கொஞ்சம் இருந்தது. மூன்று படம் எடுத்துப் பார்க்கவில்லை. கேக்கை வெட்டச் சொன்னேன்.

அடுத்த நாள் கம்ப்யூட்டரில் படங்களைப் போட்டேன். எல்லோருடைய கண்ணும் வழக்கம்போலச் சிவப்பு. தர்ஷினியின் வலது கண்ணும் சிவப்பு. இடது கண்ணில் மட்டும் வெள்ளை. மரத்துப் பாலை ஒரு சொட்டு விட்டதுபோல வெள்ளை. ஒரு படத்தில் என்றால் ஏதோ என்று விட்டிருப்பேன். ஏழு படத்தில் இருந்தது.

நான் என்ன நினைத்தேன் என்பது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "சனியன், லென்ஸ் இன்னும் வேர்க்குது" என்று நினைத்தேன். உள்ளே நின்ற ஈரத்தில் ஃப்ளாஷ் பட்டுத் தெறித்திருக்கிறது. அப்படி நடப்பது உண்டு. பொருத்தமான காரணம் கையிலேயே இருந்ததால் வேறு காரணம் தேடவில்லை. அந்த ஏழு படத்திலும் பிள்ளை ஒரே இடத்தில் இருக்கவில்லை. ஒன்றில் அம்மா இடுப்பில், ஒன்றில் கேக்குக்குப் பக்கத்தில், ஒன்றில் ஓரமாக அப்பா தோளில். வெள்ளை அவளோடுதான் போயிருந்தது. அத்தனை பேர் கண்ணிருக்க, அவள் கண்ணைத் தவிர வேறு யார் கண்ணையும் அது தொடவில்லை. பத்து வருஷம் மாத்தயா என் தலையில் தட்டித் தட்டி ஏற்றிய பாடம் திரையில் விரிந்து கிடந்தது. நான் வலது கண்ணைக் கறுப்பாக்கி, அந்தக் கறுப்பைப் பிரதியெடுத்து இடது கண்ணில் வைத்தேன். ஏழு படத்திலும் வைத்தேன். நன்றாக வந்திருக்கிறது என்று பெருமையும் பட்டேன்.

ஆல்பத்தை வாங்கிப் பார்த்த புஷ்பராணி, "கண்ணு ரெண்டும் நாவப்பழம் மாதிரி இருக்குண்ணே" என்றாள்.

எட்டு ஒன்பது மாதம் போயிருக்கும். ஒரு காலையில் அவள் தனியாக ஸ்டூடியோவுக்கு வந்தாள். இளைத்திருந்தாள். ஆல்பத்திலிருந்து கழற்றிய ஒரு படத்தைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

"அண்ணே, இதப் பெருசு பண்ணித் தர ஏலுமா?"

"ஏலும். சுவத்துல மாட்டவா?"

"ஆமாண்ணே. பாப்பாவுக்கு ரெண்டு கண்ணும் இருந்தப்ப எடுத்தது இதுதான்."

எனக்கு விளங்கவில்லை. உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். பிறந்தநாளுக்கு இரண்டு மாதம் கழித்து, அவள் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில், பிள்ளை இஸ்தோப்புப் படியிலிருந்து விழுந்துவிட்டது. நெற்றியில் காயம். அது ஆறியது. அதற்குப் பிறகு ஒரு நாள் இடது கண் ஒரு பக்கமாகச் சாய்வது தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். கண்ணுக்குள் கட்டி என்றார்கள். பிள்ளை பிழைக்க வேண்டுமென்றால் கண்ணை எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்துவிட்டார்கள்.

"விழுந்ததால இது வராதுன்னுதாண்ணே டாக்டரு சொன்னாரு. எங்க மாமியாரும் அவுகளும் நம்பல. ஆல்பத்தத் தொறந்து காட்டுறாங்க. பொறந்தநாளுக்குக் கண்ணு தெளிவா இருக்கு, நீ விழ விட்டதுலதான் போச்சுங்கிறாங்க." படத்தை என் பக்கமாகத் தள்ளினாள். "நானும் பாத்தேண்ணே. தெளிவாத்தான் இருக்கு. அப்ப நான் விழ விட்டதுலதானே?"

நான் அந்தப் படத்தைக் கையில் வைத்திருந்தேன். சொல்லியிருக்க வேண்டும். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சனிக்கிழமை வாங்கிக்கொள்ளம்மா என்றேன்.

கைவைக்காத படங்களை நான் அழிப்பதில்லை. நெகட்டிவ் காலத்துப் பழக்கம் அது. அவள் போன பிறகு டிவிடியைத் தேடி எடுத்துப் போட்டுப் பார்த்தேன். ஏழு படத்திலும் வெள்ளை அப்படியே இருந்தது. ஒன்றை அச்செடுத்துக்கொண்டு பஸ் ஏறி மாத்தயாவைப் பார்க்கப் போனேன். எதற்குப் போனேன் என்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. லென்ஸில் ஈரம் இருந்தது, நீ வேறென்ன நினைத்திருக்க முடியும் என்று அவர் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் போனேன்.

அவர் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்தார். படத்தை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்து நெடுநேரம் பார்த்தார். நான் முழுதும் சொன்னேன்.

"மத்த படத்துல பாத்ததா, மல்லி?"

"பாத்தேன் மாத்தயா. ஏழுல இருந்துச்சு."

"ஒரே எடத்துலயா?"

"இல்ல. புள்ள போற எடமெல்லாம் போயிருக்கு."

மடிப்பதற்கு அவர் கையில் துணி இல்லை. போர்த்தியிருந்த சால்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டார். "அப்ப நீ லென்ஸ் மேல பொய் போட்டது" என்றார். அவ்வளவு வருஷத்தில் அவர் என்னைத் திட்டியது அந்த ஒரு தடவைதான். பிறகு, "எங்கிட்ட ஏன் வந்தது? அந்த அம்மாகிட்ட போ" என்று படத்தைத் திருப்பித் தந்தார்.

சனிக்கிழமை அவள் வருவதற்கு முன் நானே தோட்டத்துக்குப் போனேன். சிவகுமார் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தான். அவனுடைய அம்மா அடுப்படியில். தர்ஷினி இஸ்தோப்பில் உட்கார்ந்து, காய்ந்த றப்பர்க் கொட்டைகளைச் சிரட்டையில் போட்டுக் குலுக்கிக்கொண்டிருந்தாள். இடது கண்ணில் வெள்ளைப் பஞ்சு வைத்து ஒட்டியிருந்தார்கள். என்னைப் பார்க்க அவள் முழு முகத்தையும் திருப்ப வேண்டியிருந்தது. அதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாம் என்றே தோன்றியது.

எல்லோரையும் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். ஆல்பத்தில் இருந்த படத்தையும் கைவைக்காத படத்தையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விரலால் தொட்டுக் காட்டினேன்.

"இதுதான் கேமராவுல விழுந்தது. அன்னைக்கே புள்ள கண்ணுல வெள்ளை இருந்திருக்கு. கேமராவுல தண்ணி ஏறினதால விழுந்த வெள்ளைன்னு நெனச்சு நான் அழிச்சிட்டேன். விழுந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. படியில விழுறதுக்கு ரெண்டு மாசம் முன்னாலயே இது இருந்திருக்கு."

கிழவி எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். சிவகுமார் படத்தைக் கையில் எடுத்தான். அவன் பார்த்தது என்னை இல்லை, மனைவியைத்தான். "ஒன்னய நான் என்னென்ன பேசிட்டேன்" என்றான். வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். புஷ்பராணி அழவில்லை. இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவன் என் பக்கம் திரும்பினான். "இத அன்னைக்கே நீங்க காட்டியிருந்தா கண்ணு இருந்திருக்குமா?"

"டாக்டர்தான் சொல்லணும் தம்பி. இருந்திருக்கலாம்."

"எந்திரிச்சுப் போயிருங்கண்ணே. இல்லாட்டி அடிச்சிருவேன்."

அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். எழுந்து வந்தேன்.

அதற்குப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதிவிடுகிறேன். ஃப்ளாஷ் படத்தில் ஒரு பிள்ளையின் ஒரு கண் வெள்ளையாக விழுந்தால் அது ஒன்றுமில்லாமலும் போகலாம். பார்க்கிற கோணத்தால் அப்படி விழுவதும் உண்டாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் கண் டாக்டர். புகைப்படக்காரன் இல்லை. நாள் பிந்தாமல் காட்டினால் சிலருக்குக் கண்ணையே காப்பாற்ற முடியுமாம். அதன் பிறகு நான் தொழிலில் இருந்த வருஷங்களில் மூன்று தடவை அப்படி ஒரு வெள்ளையைக் கண்டேன். மூன்று தடவையும் படத்தைத் தொடாமல், தாய் தகப்பனைத் தேடிப் போய்க் கையில் கொடுத்தேன். இரண்டு பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை, வீணாகப் பயமுறுத்திவிட்டாய் என்று பெற்றவர்கள் ஏசினார்கள். ஒரு பிள்ளைக்குக் கண்ணில் புரை இருந்தது, எடுத்துச் சரியாக்கினார்கள். அதற்காக அந்தத் தாய் எனக்குத் தேங்காயும் வாழைப்பழமும் கொண்டுவந்தாள். வாங்கிக்கொண்டேன். நிம்மதி வரவில்லை.

சங்கத்து நண்பர்களே, ஈரத்துக்கு வழி கேட்டீர்கள், மேலே எழுதிவிட்டேன். திருகாதீர்கள், சூடு காட்டாதீர்கள், பொறுங்கள், மூன்று படம் எடுத்துப் பாருங்கள். உங்கள் கேமராக்கள் இப்போது சிவந்த கண்ணைத் தாங்களாகவே கறுப்பாக்கிக் கொடுக்கின்றனவாம். பிள்ளைகளை எடுக்கும்போது அதை நிறுத்திவையுங்கள். மலரில் இடம் போதாவிட்டால் மற்றதையெல்லாம் வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள்.

அந்தச் சனிக்கிழமையில் இன்னும் ஒன்று நடந்தது. என் மனைவியிடம்கூட இதுவரை சொன்னதில்லை. லயத்தைத் தாண்டி ரோட்டுக்கு இறங்கிவிட்டேன். பின்னால் ஆள் ஓடி வருகிற சத்தம் கேட்டது. புஷ்பராணி. கையில் அந்த வெள்ளைக்கண் படம் இருந்தது. மாரோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று நின்றேன். திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். படத்தை என் முன்னால் நீட்டி, பிள்ளையின் கண்ணின் மேல் விரலை வைத்தாள்.

"இத அழிக்கிறதுக்கு எவ்வளவு நேரம் எடுத்துச்சுண்ணே?"

பொய் சொல்லியிருக்கலாம். அரை நாள் பாடுபட்டேன், யோசித்து யோசித்துச் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம்.

"ரெண்டு நிமிசம்" என்றேன்.

"அவ்வளவுதானா" என்றாள். படத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு லயத்துக்குத் திரும்பி நடந்தாள்.